பெட்டி முதலில், பீரோ பிறகு: சென்னைக்குக் குடிபோகிறவர்களுக்கு

வேலை உறுதியானதும் நம்மில் பலரும் செய்கிற முதல் காரியம், சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு "உங்க பக்கத்துல ஒரு வீடு பாருங்க" என்று சொல்வதுதான். மதுரையிலிருந்து கிளம்பியபோது நானும் அதைத்தான் செய்தேன். சித்தப்பா மேற்கு மாம்பலம். அவர் தெருவிலேயே வீடு அமைந்தது. அட்வான்ஸ் கொடுத்து, சாமான் இறக்கி, பால் காய்ச்சி எல்லாம் முடிந்த பிறகுதான் அலுவலகம் சிறுசேரியில் இருக்கிறது என்பதன் அர்த்தம் உறைத்தது. கம்பெனி பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மகள் எழுந்திருக்கும் முன் கிளம்பி, அவள் தூங்கிய பின் வீடு வந்து சேர்ந்தேன். எட்டே மாதத்தில் மறுபடியும் சாமான் கட்டி மேடவாக்கத்துக்குப் போனோம். ஒரே வருஷத்தில் இரண்டு அட்வான்ஸ், இரண்டு லாரி, இரண்டு முறை பால் காய்ச்சல். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த வருஷத்தில் கற்றது.

வேலையில் சேரும் தேதியும் வீடு மாறும் தேதியும் வேறு வேறாக இருக்கட்டும்

இதுதான் முதல் படி. முதலில் நீங்கள் மட்டும் ஒரு பெட்டியோடு போங்கள். கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் இரண்டு வாரம் தருமா என்று கேளுங்கள், தரவில்லையென்றால் அலுவலகத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) எடுத்துக்கொள்ளுங்கள். ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) முழுக்க பிஜிக்களுக்குக் குறைவே இல்லை. நகருக்குள் வேலை என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன. ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அலுவலக நேரம், ஷிப்ட், பஸ், மழை, எல்லாம் பழகிவிடும். வேலையே பிடிக்காமல் போனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்புவது சுலபம். பீரோவைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாது.

இடமாற்றச் செலவைக் கம்பெனி தருவதாக இருந்தால், எந்தெந்தச் செலவுக்கு, எவ்வளவு வரை, என்ன பில் வேண்டும் என்பதை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை அக்கவுண்ட்ஸ் பிரிவு ஏற்றுக்கொள்ளாது.

மாதத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மே, ஜூனில் பள்ளிக்கூடத்தை வைத்து ஊரே வீடு மாறும். வாடகையும் ஏறும், லாரியும் கிடைக்காது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆகவே ஆடி என்பது வீடு தேடுவதற்கு அருமையான மாதம். காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார். ஆடியில் பேசி முடித்து, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணி முதல் வாரத்தில் பால் காய்ச்சினால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

எந்த ஏரியா?

அலுவலகத்தை நடுவில் வைத்து, அங்கிருந்து வெளியே பார்க்க வேண்டும். என் மாதிரி சித்தப்பாவை நடுவில் வைக்காதீர்கள்.

ஓஎம்ஆர் என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அது மத்திய கைலாஷில் தொடங்கி தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம் என்று போய்க்கொண்டே இருக்கிற சாலை. தரமணி டைடல் பார்க்கில் வேலை என்றால் எதிரிலேயே திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம். வேளச்சேரியிலும் இருக்கலாம், மயிலாப்பூரிலும் இருக்கலாம். அதே சாலையில் சிறுசேரி சிப்காட் என்றால் கதை வேறு. நாவலூர், படூர், கேளம்பாக்கம், அல்லது உள்ளே தள்ளி மேடவாக்கம் என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

கிண்டியில் வேலை கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மெட்ரோவும் மின்சார ரயிலும் இரண்டும் நிற்கிற இடம். நங்கநல்லூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வரைக்கும் தைரியமாகப் போகலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பட்டரவாக்கம் ரயில் நிலையம் பக்கம். ஆவடி, கொரட்டூர், வில்லிவாக்கம் எல்லாம் ஒரே தடத்தில் வரும். மகேந்திரா சிட்டிக்குப் பரனூர் நிலையம், ஆகவே தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை எங்கும் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் வீடு தேடும் முன் எச்.ஆரிடம் கம்பெனி பஸ் நிற்கும் ஸ்டாப்புகளின் பட்டியலை வாங்கிவிடுங்கள். அந்த ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு இருந்தால் போதும்.

பிடித்த ஏரியா ஒன்றிரண்டு அமைந்ததும், திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அங்கிருந்து அலுவலகத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு "இருபதே நிமிஷம்" என்று சந்தோஷப்படாதீர்கள். ஓஎம்ஆர், போரூர், பூந்தமல்லி பக்கமெல்லாம் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக வருஷக்கணக்கில் சாலையை மறித்து வேலை நடக்கிறது. "மெட்ரோ வரப்போகுது சார்" என்று சொல்லியே வாடகையைக் கூட்டுகிறவர்களும் உண்டு. ரயில் ஓடாத தடத்துக்கு ரயில் ஓடுகிற வாடகையைக் கொடுக்காதீர்கள்.

வீடு பார்க்கும்போது: தண்ணீர், தண்ணீர்

செயலிகளில் தேடலாம், புரோக்கரிடமும் சொல்லலாம். புரோக்கர் கமிஷன் பெரும்பாலும் ஒரு மாத வாடகை, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கொடுத்தால் போதும். ஆனால் நல்ல வாடகைக்கு நல்ல வீடு வேண்டும் என்றால் தெருத் தெருவாக நடப்பதற்கு ஈடில்லை. வயதான வீட்டுக்காரர்கள் பலர் இன்றும் கேட்டில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவதோடு சரி. எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியும்.

உள்ளே போனதும் டைல்ஸ், மாடுலர் கிச்சன் என்று கண் போகும். போகட்டும். முதலில் குழாயைத் திறங்கள். 2019 கோடையில் இந்த ஊருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எல்லா வருஷமும் அப்படி இல்லை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. இருந்தாலும் குழாயில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிற தெருவுக்கும், போர் தண்ணீரை (ஆழ்துளைக் கிணற்று நீரை) மட்டும் நம்பியிருக்கிற தெருவுக்கும் கோடையில் பெரிய வித்தியாசம் தெரியும்.

கேட்க வேண்டியவை: மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது? போர் எத்தனை அடி, கோடையில் ஓடுகிறதா? சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) எவ்வளவு பெரியது? லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஓஎம்ஆர் அடுக்ககங்கள் பலவற்றில் வாடகை குறைவாகத் தெரியும், ஏப்ரல் வந்ததும் மெயின்டனன்ஸ் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

பதில்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு பார்த்தபோது வீட்டுக்காரர், "தண்ணிப் பிரச்சினையே கிடையாது சார், இருபத்து நாலு மணி நேரமும் வரும்" என்றார். கீழே இறங்கி வரும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "வரும் தம்பி, ஏன் வராது? ஒரு பாட்டில்ல புடிச்சிட்டுப் போய் வெச்சுப் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிடித்துக்கொண்டு போனேன். குழாயில் பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் மறுநாள் காலை இளம் டீ நிறத்துக்கு வந்து, அடியில் துரு படிந்திருந்தது. இரும்புச் சத்து. அந்தத் தண்ணீரில் தோய்த்தால் வெள்ளைச் சட்டை ஒரு மாதத்தில் காவியாகிவிடும். அந்த அக்கா சொன்ன இன்னொரு வழி: பால் ஊற்றாத டீ டிகாஷனில் இரண்டு கரண்டி போர் தண்ணீரை விட்டால், இரும்பு இருந்தால் மை மாதிரி கறுக்கும். உப்புத் தண்ணீரா என்று பார்க்க சோப்பு போதும், நுரைக்காது. அன்றிலிருந்து வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் பையில் ஒரு காலி பாட்டில் எனக்கு. நீங்களும் கொண்டுபோங்கள்.

தண்ணீர் இல்லாதது ஒரு கவலை என்றால், தண்ணீர் உள்ளே வருவது அடுத்த கவலை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மணப்பாக்கம், முகலிவாக்கம், முடிச்சூர் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. இப்போதெல்லாம் கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஏரியாக்களுக்கே போகக் கூடாது என்று சொல்லவில்லை. அதே வேளச்சேரியில் ஒரு தெரு முழங்கால் அளவு, அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். அந்தத் தெருவைத்தான் விசாரிக்க வேண்டும்.

தெருப் பெயரில் ஏரி, ஏரிக்கரை, தாங்கல், லேக் வியூ என்று ஏதாவது வந்தால் கூடுதலாக இரண்டு பேரிடம் கேளுங்கள். தாங்கல் என்றால் சிறு ஏரி. தி.நகரே 1920களில் ஏரியைத் தூர்த்து எழும்பிய ஊர்தான். சுற்றுச் சுவரில், மின் மீட்டர் பெட்டியில், பழைய கதவின் அடியில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: சாலையைவிட வீட்டு வாசல் தாழ்ந்திருக்கிறதா? பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் சாலை உயர்ந்து, தனி வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்ட தெருக்கள் இங்கே ஏராளம். அங்கே தரைத்தளம் வேண்டவே வேண்டாம். மளிகைக்கடை அண்ணாச்சியிடம் "2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் கையை இடுப்பிலோ கழுத்திலோ வைத்துக் காட்டிவிடுவார். வடகிழக்குப் பருவமழையின்போது, அதாவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள், வீடு பார்க்க நேர்ந்தால் அது ஒரு வகையில் வசதி. யாரையும் கேட்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் கரண்ட். "இபி தனி மீட்டரா, சப் மீட்டரா?" என்று கேட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன்களை ஓட்டிவிட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தன் இஷ்டத்துக்கு வசூலிக்கிற வீடுகளில் அந்த இலவசமும் உங்களுக்கு வராது. தனி மீட்டர் என்றால் சாவி வாங்குகிற அன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முதல் பில்லில் முன்பு இருந்தவர் ஓட்டிய ஏசியும் சேர்ந்திருக்கும்.

அட்வான்சும் ஒப்பந்தமும்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ரொம்ப காலம் எழுதாத சட்டமாக இருந்தது. இன்னும் கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். எழுதிய சட்டம் வேறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே பதியலாம். இதைச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது, தெரிந்துவைத்துக்கொண்டு பேரம் பேசினால் பத்து ஐந்தாகும், ஐந்து மூன்றாகும்.

ஒப்பந்தத்தில் மறக்காமல் எழுத வேண்டியது காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது. ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். எழுதாமல் விட்டால் அது எவ்வளவு வேண்டுமானாலும் ஆகும், என் மேற்கு மாம்பலம் அட்வான்ஸில் ஆனது போல. வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை கூடும், எத்தனை மாத நோட்டீஸ், பைக் நிறுத்த இடம், சுவரில் ஆணி அடிக்கலாமா (சிரிக்காதீர்கள், இதற்காகவே நடந்த சண்டைகள் உண்டு) எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கேட்க வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். தர யோசிப்பவர்கள் உண்டு, அட்வான்ஸ் கைமாறும் முன்பே கேளுங்கள்.

லாரி

ஒரு பெட்ரூம் வீட்டுச் சாமான் என்றால், ஊர் பக்கத்தில் இருந்தால் ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் வண்டி) போதும். இரண்டு பெட்ரூமுக்கு ஈச்சர் லாரி. பேக்கர்ஸ் வைத்தால் மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், நேரில் வந்தோ வீடியோவிலோ சாமானைப் பார்த்து எழுதிக் கொடுப்பவர்களிடம் மட்டும். போனிலேயே மலிவாகச் சொல்கிறவர்களிடம் நான் ஏமாந்திருக்கிறேன். பேசிய தொகை ஒன்று. மேடவாக்கத்தில் லாரியை நிறுத்திவிட்டு, "மூணாவது மாடி சார், லிஃப்ட்ல பீரோ ஏறாது, இன்னும் நாலாயிரம் ஆகும்" என்றார்கள். நம் சாமான் அவர்கள் லாரியில் இருக்கும்போது என்ன பேச முடியும்? கொடுத்தேன். ஆகவே எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, லாரி வாசல் வரை வருமா, பிரிப்பதும் மாட்டுவதும் சேர்த்தா, எல்லாம் விலைப்பட்டியலிலேயே எழுதியிருக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்பே கொடுக்காதீர்கள். போகிற அடுக்ககத்தின் சங்கத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற விடமாட்டார்கள். லாரிகளுக்கு நகருக்குள் நெரிசல் நேரத்தில் தடை இருப்பதால் விடியற்காலையில் வந்து சேருகிற மாதிரி கிளப்புவது நல்லது.

பெட்டிகளுக்கு எண் போட்டு, எதில் என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துத் துடைத்து, நிற்கவைத்தே ஏற்றுங்கள், இறக்கிய பின் சில மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள். கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றவும். பீரோ சாவியும் நகையும் சான்றிதழ்களும் பத்திரங்களும் மருந்தும் உங்கள் கையில். பைக்கை ரயில் பார்சலில் போடலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை வேண்டும், பெட்ரோலைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும்.

சிலிண்டரை மட்டும் லாரியில் ஏற்றாதீர்கள். ஊரிலேயே ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டை வைத்துக்கொண்டால் சென்னையில் புது ஏஜென்சியில் இணைப்பு கிடைக்கும். ஒரே சிக்கல், நடுவில் சில நாள் அடுப்பு இருக்காது. முதல் முறை குடிவந்தபோது இதை யோசிக்கவே இல்லை. நல்ல நேரம் காலை ஆறிலிருந்து ஏழரை. பால் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கேஸ் இல்லை. மணி ஏழு. என் மனைவி எதிர்வீட்டுக் கதவைத் தட்ட, அந்த வீட்டு அம்மா தன் இண்டக்‌ஷன் அடுப்பைத் துடைத்துக் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நம் பித்தளைச் செம்பு அதில் சூடேறவில்லை. பிறகு அவரே ஒரு எவர்சில்வர் பாத்திரமும் கொண்டுவந்தார். ஏழு இருபத்தைந்துக்குப் பால் பொங்கியது. ஆக, முதல் நாள் பெட்டி என்று ஒன்று தனியாகக் கட்டுங்கள்: இண்டக்‌ஷன் அடுப்பு, அதில் வைக்கக்கூடிய பாத்திரம், பால், சர்க்கரை, விளக்கு, தீப்பெட்டி, துடைப்பம், பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பாய்.

பள்ளியும் காகிதங்களும்

பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். நடு வருஷத்தில் மாற்றம் வந்தால், முடிந்தவரை ஊரிலேயே ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டு வருவது பிள்ளைகளுக்கு நல்லது. மாற்றுச் சான்றிதழோடு எமிஸ் எண்ணையும் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: 2006இல் வந்த சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம்.

ஆதார் முகவரியை முதலில் மாற்றினால் மற்றவை சுலபம். ரேஷன் கார்டு முகவரி இணையத்திலேயே மாறும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வண்டியின் ஆர்.சி.யில் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். வேறு மாநில எண் என்றால் பழைய ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு.

முதல் வாரம்

20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிறவரை முதல் நாளே பிடித்துவிடுங்கள். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும், காலையில் வண்டி வரும் நேரத்தைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ‘சென்னை ஒன்’ செயலியில் டிக்கெட் எடுக்கலாம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஊருக்குப் போக வர தென்மாவட்ட அரசு பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய காலம் போய், 2023 டிசம்பர் முதல் கிளாம்பாக்கம் என்று ஆகிவிட்டது. முதல் தீபாவளிக்குக் கோயம்பேட்டில் போய் நிற்காதீர்கள்.

எண்கள் மூன்றை எழுதி வையுங்கள். மாநகராட்சிக்கு 1913. கரண்ட் போனால் மின்னகம் 94987 94987. குடிநீர், கழிவுநீருக்கு 044 4567 4567. எங்கள் மேடவாக்கம் வீட்டில் சமையலறைப் பரண் கதவின் உள்பக்கத்தில், எங்களுக்கு முன் இருந்தவர் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்: லாரித் தண்ணிக்காரர், பிளம்பர், கேன் தம்பி, கீழே ஒரு வரி, "மோட்டார் காலை 5.30க்குப் போடவும், 6க்கு மேல் மாடி வீட்டுக்காரர் போட்டுவிடுவார்." பெயிண்டர் வந்தபோது அந்தக் கதவை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.